சூசையண்ணனுக்குச் சொல்லாத வார்த்தை

இப்போது எங்கள் கத்தோலிக்கக் கோவில் பூசையில் ஒரு கட்டம் வருகிறது. சாமியார் சொன்னதும் எல்லோரும் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். முன்வரிசைக்காரர் மெனக்கெட்டுத் திரும்பிப் பின்வரிசைக்குக் கும்பிடு போடுகிறார். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. கடைசி வரிசையில் நிற்கும் நானும் எனக்குக் கும்பிடு போடுகிறவர்களுக்குத் திருப்பிப் போடுகிறேன். பூசை லத்தீனில் நடந்த எங்கள் காலத்தில் மக்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. இருந்திருந்தால் நான் உபதேசியார் வேலையில் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான். ஒருவேளை அதுவே என்னைக் காப்பாற்றியும் இருக்கலாம்.

உபதேசியார் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு பங்குச் சாமியாருக்குக் கீழே எட்டுப் பத்துக் கிராமங்கள் இருக்கும். அவர் மாதத்தில் ஒரு ஞாயிறோ இரண்டு ஞாயிறோதான் ஓர் ஊருக்கு வர முடியும். மற்ற நாட்களில் அந்த ஊரின் கோவில் உபதேசியார் கையில். காலையும் மாலையும் மணியடித்து ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, பிறப்பு இறப்புகளைப் பதிவேட்டில் எழுதுவது, சாகக் கிடக்கிறவர்களைத் தயார்படுத்திச் சாமியாருக்கு ஆள் அனுப்புவது, அடக்கம் நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். மந்திரங்களும் லத்தீன் பதில்களும் சீக்கிரம் வந்துவிட்டன. சைக்கிள்தான் வரவில்லை. முட்டி இரண்டும் பெயர்ந்த பிறகு அதுவும் வந்தது.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பக்கத்தில், வெங்காயமும் பூவும் விளையும் ஒரு கிராமத்துக்கு என்னைப் போட்டார்கள். ஐம்பதுகளின் தொடக்கம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கை ஆரோக்கியம் என்னோடு வந்தாள். கோவிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு.

எங்கள் பங்குச் சாமியார் ஐந்து மைல் தள்ளியிருந்த பெரிய ஊரில் இருந்தார். தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று அர்த்தம். எங்களை 'நீர்' என்றுதான் சொல்வார். யாராவது வழக்குக் கொண்டுவந்தால், வந்தவர் நிற்கும்வரை தாமும் நின்றுகொண்டேதான் கேட்பார். எழுத்தில் வராத எதையும் நம்ப மாட்டார். விதிதான் எளியவனுக்குப் பாதுகாப்பு என்பது அவருடைய எண்ணம். அது தப்பில்லை. அந்த விதியை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் கதை.

அந்த நாளில் ஒரு கலியாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்போம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று கோவிலில் அறிவிப்பது. ஆரோக்கியத்துக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை பேகம்பூரில் ஒரு பாய் வைத்திருந்த தையற்கடையில் தைத்துக்கொண்டிருந்தார். அமைதியான பையன். முதல் ஓலையை நானே வாசித்தேன். சொந்தத் தங்கையின் பெயரைக் கோவிலில் வாசிக்கும்போது குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பெண்கள் பக்கத்தில் சிரித்தார்கள்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் சாமியார் ஆள்விட்டுக் கூப்பிட்டார். போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, மூன்றாம் ஓலையை நிறுத்தி வையும்."

"ஏஞ்சாமி?"

"உம்முடைய தங்கை ஆயக்குடியில் இருந்தபோது வேறொருவனுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்துச் சாமியாருக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை."

ஆயக்குடியில் எங்கள் சின்னம்மா வீடு. கொய்யா பறிக்கும் காலத்தில் ஆரோக்கியம் இரண்டு வருஷம் அங்கே போய் ஒத்தாசையாக இருந்தாள். அவ்வளவுதான். யார் சொன்னது என்று சாமியார் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு நான் திரும்பி வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. சூசையண்ணன்.

சூசையண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். கிணற்றுத் தோட்டம், நாலு மாடு, எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய தம்பி பெண்டாட்டியை இழந்தவன். அவனுக்கு ஆரோக்கியத்தைக் கேட்டு முந்தின வருஷம் வந்திருந்தார். நானும் மரியாதையாக மறுத்திருக்கலாம். "ஒங்க தம்பிக்குப் பொண்டாட்டி வேணாம்ணே, பிள்ளைகளப் பாத்துக்க ஆயாதான் வேணும்" என்று நாலு பேர் இருக்கும்போது சொல்லிவிட்டேன். வாய்த்துடுக்கு. அது அவர் மனசில் தங்கியிருந்திருக்கிறது.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அப்படி ஒரு வாக்கும் இல்லை, விசாரித்ததில் ஒன்றும் தெரியவரவில்லை என்று எழுதியிருந்தார்கள். சாமியார் கடிதத்தை என்னிடமே காட்டினார். ஆனால் மூன்று வாரத்தில் பேச்சு பேகம்பூர்வரை போய்விட்டது. நெருப்பில்லாமல் புகையுமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாளாம். நிச்சயத்துக்குக் கொடுத்த புடவையைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. ஆரோக்கியம் அதை மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்த இடங்களையெல்லாம் அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சாமியார் சூசையண்ணனைக் கூப்பிட்டு என் முன்னால் விசாரித்தார்.

"கேள்விப்பட்டதச் சொன்னேன் சாமி. சந்தையில ஒருத்தன் சொன்னான். தெரிஞ்சா சொல்லணும்னு கோவில்லயே வாசிக்கிறாகளே."

"கேள்விப்பட்டதா, தெரிந்ததா?"

சூசையண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான் சாமி" என்றார்.

அவர் போன பிறகு சாமியார் என்னைப் பார்த்து, "பொறுத்துக்கொண்டீரா?" என்று கேட்டார்.

"பொறுத்துட்டேன் சாமி."

"மனசில்?"

"மனசுலதான் சாமி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, துடைக்காமலே மாட்டிக்கொண்டு, "சரி, போம்" என்றார். அன்றைக்கு அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். இல்லை, அது அவர் தப்பில்லை. பொய் சொன்னவன் நான்.

வெளியில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடிதான் எல்லாம் செய்தேன். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் வீடு வீடாகப் போய் ஜெபம் சொல்லும்போது சூசையண்ணன் வீட்டுக்கும் போவேன். மற்ற வீடுகளில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். அங்கே நின்றபடியே ஜெபத்தைச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். அவர் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று வந்தபோது பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பனின் சொந்தப் பங்கிலிருந்து சீட்டு வேண்டும் என்றேன். விதி அப்படித்தான். மற்றவர்களிடம் நான் அந்தச் சீட்டைக் கேட்டதே இல்லை. அதற்காக அவர் மகன் அந்தப் பங்குக்கு இரண்டு முறை நடந்தான். ஒரு விதியைக்கூட மீறாமல் ஒரு குடும்பத்தை இப்படி அலைக்கழிக்க முடியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதில் ஒரு ருசியும் இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலம் வந்தால் வருஷத்துக்கு ஒரு முறையாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து மந்திரங்களையும், கற்பனைகள் என்று நாங்கள் சொல்லும் கடவுளின் பத்துக் கட்டளைகளையும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தவருக்குச் சீட்டுக் கொடுப்பேன். அந்தச் சீட்டோடுதான் சாமியாரிடம் போகலாம். வயசானவர்கள் தடுமாறினால் நானே எடுத்துக் கொடுத்துச் சீட்டை நீட்டிவிடுவது வழக்கம். அந்த வருஷம் சூசையண்ணன் வந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். ஏழு கற்பனைகள் சரியாக வந்தன. எட்டாவது பொய்ச்சாட்சியைப் பற்றியது. அந்த இடத்தில் நின்றுவிட்டார். மறதியா, இல்லை வேறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எட்டாவது?" என்றேன்.

"வரமாட்டேங்குது உபதேசியாரே."

"மொதல்ல இருந்து சொல்லுங்க."

மறுபடியும் சொன்னார். மறுபடியும் ஏழோடு நின்றார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் எட்டாவது எதுவென்று தெரியும், நான் ஏன் கேட்கிறேன் என்றும் தெரியும். மூன்றாவது தடவை அவர் குரல் எழும்பவில்லை.

"வீட்டுல படிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷனிடம்.

அடுத்த வாரம் வந்தார். பேத்தியிடம் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தார். எட்டாவதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அப்போதாவது விழித்திருக்க வேண்டும். கோபம்தான் கூடியது. அவர் என்னை வென்றுவிட்டார் என்று பட்டது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எப்படி ஜெபம் சொன்னாய் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வசதி இருந்தது. எங்கள் வழக்கத்தில் பரலோக மந்திரத்தை ஒருவரே முழுக்கச் சொல்வதில்லை. முன்பாதியை உபதேசியார் சொல்வார், பின்பாதியை மக்கள் சொல்வார்கள். கடவுளின் நாமத்தையும் ராச்சியத்தையும் போற்றுவது முன்பாதியில். பிறர் நமக்குச் செய்ததைப் பொறுத்தல் பற்றிய வாக்கு பின்பாதியில். ஆகவே வருஷக்கணக்காக, நாள்தோறும் எத்தனையோ தடவை அந்த மந்திரத்தை நடத்தியும், அந்த ஒரு வாக்கை என் வாய் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. மக்கள் சொல்லும்போது நான் ஜெபமாலையின் அடுத்த மணியை விரலால் தள்ளிக்கொண்டிருப்பேன். பெண்கள் வரிசையிலிருந்து ஆரோக்கியத்தின் குரல் அந்த வாக்கைச் சொல்வது எனக்குத் தனியாகக் கேட்கும்.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போனது. ஒரு கோடையில் சூசையண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்களாம். ஒரு நாள் உச்சிவெயிலில் அவர் மகன் ஓடிவந்தான். நான் சாமியாருக்கு ஆள் அனுப்பிவிட்டுப் போனேன்.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி ஒன்றை இழுத்துப்போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி, தீர்த்தம், எண்ணெய் துடைக்கப் பஞ்சு, சாமியார் கை கழுவத் தண்ணீர். அவர் மனைவி ஞானம்மாள் முகத்தையும் கையையும் காலையும் துடைத்துவிட்டாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. நான் காதருகே குனிந்து, பாவத்துக்கு மனம் வருந்தும் மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"உபதேசியாரே, ஆரோக்கியத்துக்கு நான் செஞ்சது... என்னையப் பொறுத்துக்கங்க."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம். என் நெஞ்சில் அது இல்லை, ஆனால் வாய் அளவிலாவது சொல்லியிருக்கலாம். சாமியாரிடம் அன்றைக்குச் சொன்னேனே.

"மந்திரத்தச் சொல்லுங்க, சாமி வந்துருவாரு" என்றேன்.

அவர் மந்திரத்தைச் சொன்னார். நான் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சாமியார் வந்தார், நாங்கள் வெளியே போனோம், பாவசங்கீர்த்தனம் கேட்டார், உள்ளே கூப்பிட்டார், எண்ணெய் பூசினார். நான் லத்தீன் பதில்களைப் பிசகாமல் சொன்னேன். புறப்படும்போது சூசையண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு சாமியாருக்குப் பின்னால் நடந்தேன். பொழுது சாய்வதற்குள் துக்கமணி அடிக்கச் சொல்லி ஆள் வந்தது.

அதற்குப் பிறகுதான் என் விசுவாசம் எனக்குக் கைக்கு எட்டாமல் போனது. கடவுள் இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருக்கிறார், ஆனால் அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. சண்டைபோட்ட பங்காளிகள் ஒரே வீட்டில் குடியிருப்பது போல நானும் அவரும் ஒரே கோவிலில் இருந்தோம். மணி அடித்தேன், பீடத்துக்குப் பூ வைத்தேன், பிள்ளைகளுக்கு இரக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். நன்மை வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டேன். இந்த நெஞ்சோடு வாங்கக் கூடாது என்று தெரியும். நெஞ்சை மாற்றத்தான் மனசில்லை. அந்தக் காலத்தில் வெறும் வயிற்றோடுதான் நன்மை வாங்க வேண்டும். அதனால் காலையில் தெரியாமல் காப்பி குடித்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் போனதும் சாமியார் ஒருநாள் கேட்டார். "உபதேசியாரே, எத்தனை மாதமாகத் தெரியாமல் காப்பி குடிக்கிறீர்?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியையும் துடைக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். நான் எதையோ எடுக்கப் போகிறவன்போல் உள்ளே போய்விட்டேன். அந்த வருஷமே அவருக்கு வேறு பங்குக்கு மாற்றல் வந்தது. போகும்போது என் தலையில் கைவைத்து ஜெபித்தார், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம்.

இன்னும் நாலைந்து வருஷம் கழித்து, ஒரு கல்லறைத் திருநாள். சாயங்காலம் எல்லோரும் தங்கள் வீட்டாரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் சூசையண்ணனின் கல்லறை முன் முழங்காலில் இருந்தாள். மண்ணைக் கூட்டிச் சாமந்திப் பூ வைத்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஒன் வாழ்க்கைய நாசமாக்குனவனுக்குப் பூவா?"

"வருசா வருசம் வைக்கிறதுதான்ணே. நீ இன்னைக்குத்தான் பாத்திருக்க."

"எப்பத்துல இருந்து?"

"அவுக படுத்துக் கெடந்தப்பவே கஞ்சி கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். எனக்கு அப்பவே விட்டுப்போச்சு." அடுப்பில் கிடந்த சட்டியை இறக்கி வைத்தாள். "தீம்பு நடந்தது எனக்கு. நான் பொறுத்துட்டேன். நீ யாருக்காகண்ணே இம்புட்டு நாளா வச்சுக்கிட்டுருக்க?"

தங்கைக்காக என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். உண்மையில் நாலு பேர் முன்னால் என் வீட்டுக்கு நேர்ந்த அவமானத்துக்காக வைத்திருந்தேன். ஆரோக்கியத்தை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்று அழுதேன். அவள் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே புதிய சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என்னைவிட இளையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செத்தவரிடம் போக முடியாது, வீட்டாரிடம் போங்கள், சொல்லாமல் விட்டதை அங்கே சொல்லுங்கள், அதுதான் உங்களுக்கு அபராதம் என்றார். அப்போதெல்லாம் அபராதம் என்றால் ஐந்து பரலோக மந்திரம், பத்து அருள்நிறை மந்திரம் என்பார்கள். இது நூறு ஜெபமாலையைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் காலையில் போனேன். ஞானம்மாள் மதினி வாசலில் சாக்கை விரித்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க மதினி. ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்." அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வீட்டில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு அண்ணன் என்கிட்டக் கேட்டாக. நான் பதில் சொல்லாமப் போயிட்டேன். அவுகளப் பொறுத்துட்டேன்னு சொல்ல வந்திருக்கேன். நான் செஞ்சதுக்கெல்லாம் நீங்களும் என்னையப் பொறுத்துக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் கடலைத் தோலைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் கால்மாட்டுலதான நின்னேன், எனக்குத் தெரியும். நீங்க போனதுக்கப்புறம் 'உபதேசியாரு என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாக. செத்த நேரம் பாத்தேன். மனசு கேக்கல. 'பொறுத்துட்டேன்னாரு, ஒங்களுக்குத்தான் காதுல விழுகல'ன்னு சொல்லிட்டேன். அப்படியான்னாக. அதுக்கப்புறந்தான் உசுரு அடங்குச்சு."

மதினி இன்னொரு கடலையை எடுத்து உடைத்தார்.

"சாகப்போற மனுசன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். சொல்லாத வார்த்தைய நீங்க சொன்னதாச் சொல்லிட்டேன். வருசம் தவறாம பாஸ்காவுக்குச் சாமிகிட்ட அந்தப் பாவத்தச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்ககிட்டக் கேக்கணும்னு நெனப்பேன், பயமா இருக்கும்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "இனி போதுமா, இல்ல இன்னமும் சொல்லணுமா உபதேசியாரே? ஒங்களுக்குத்தான தெரியும்."

பத்துப் பதினைந்து வருஷமாக அந்த ஊருக்கு எது பாவம், எது பாவமில்லை என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். மதினி கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு, என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.